காற்பந்துக் கழகமும் டிசம்பர் மாதப் பிள்ளையும்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக இலக்கணத்தையும் வகுப்பறையையும் பற்றியே எழுதி வருகிறேன். இம்முறை திடலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இவ்வாண்டு பள்ளி திறந்ததிலிருந்து பெற்றோர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி வாசிப்பைப் பற்றியதும் அன்று, கணிதத்தைப் பற்றியதும் அன்று. "டீச்சர், பையனை எந்தக் காற்பந்துக் கழகத்தில் சேர்க்கலாம்?" என்பதுதான்.

செனாயில் வாழ்பவர்களுக்கு இக்கேள்வி வியப்பளிக்காது. குடியிருப்புத் திடல்களின் கம்பி வேலி எங்கும் கழகங்களின் பதாகைகள் தொங்குகின்றன. 8 வயதுக்குக் கீழ், 10 வயதுக்குக் கீழ், 12 வயதுக்குக் கீழ் என்று பிரிவுகள். அருகில் ஒரு பயிற்றுநரின் படம், கைப்பேசி எண். ஜொகூர் டாருல் தாக்சிம் அணி 2014 தொடங்கிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக லீக் கிண்ணத்தைத் தொடர்ந்து வென்று வந்திருக்கிறது. 2020இல் இஸ்கண்டார் புத்ரியில் சுல்தான் இப்ராகிம் அரங்கமும் திறக்கப்பட்டது. நீலமும் சிவப்பும் கலந்த அந்தச் சட்டை இல்லாத வீடு எங்கள் வட்டாரத்தில் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் தந்தைமார்கள் அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் பிள்ளை பள்ளியில் இருக்கும். இப்பொழுது இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு. அந்த ஞாயிறு காலைப் பொழுதைக் கழகங்கள் நன்றாகவே பயன்படுத்திக் கொள்கின்றன.

இதையெல்லாம் என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்று நீங்கள் எண்ணலாம். எங்கள் பள்ளியில் காற்பந்துக் குழுவுக்குப் பொறுப்பாசிரியை நான்தான். தமிழ்ப்பள்ளிகளில் பணிபுரிவோருக்கு இது புதிதன்று. ஆசிரியர் அறையில் பெண்களே மிகுதியாக இருக்கும்பொழுது புறப்பாடப் பொறுப்புகளும் அப்படித்தான் பங்கிடப்படும். 'ஆஃப்சைட்' விதியை நான் ஒரு கையேட்டைப் பார்த்துத்தான் கற்றேன். இப்பொழுது பிள்ளைகளுக்கு விளக்கும் அளவுக்குத் தெரியும்.

கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர்கள் கட்டணத்தைக் கேட்கிறார்கள். பயிற்றுநரின் சான்றிதழைக் கேட்கிறார்கள். எத்தனை கிண்ணம் வென்றது என்று கேட்கிறார்கள். பிள்ளை எந்த மாதத்தில் பிறந்தது என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக் கொள்வதில்லை. அதைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

நம் நாட்டில் வயதுப் பிரிவு, பிறந்த ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 2026ஆம் ஆண்டில் '12 வயதுக்குக் கீழ்' என்றால் 2014ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் என்று பொருள். ஜனவரி முதல் நாள் பிறந்த பிள்ளையும் டிசம்பர் முப்பத்தொன்றாம் நாள் பிறந்த பிள்ளையும் ஒரே வயதினராகவே கருதப்படுவர். ஆண்டு 1 சேர்க்கையும் இதுவரை பிறந்த ஆண்டை ஒட்டியே அமைந்து வந்திருக்கிறது. ஆகவே, டிசம்பர் மாதப் பிள்ளை வகுப்பிலும் இளையது, திடலிலும் இளையது. ஆண்டு 1இல் எழுதுகோல் பிடிக்கத் தடுமாறும் பிள்ளைகளின் பிறந்த தேதியைப் பதிவேட்டில் பார்க்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஏழு வயதில் பதினொரு மாதம் என்பது சிறிய இடைவெளி அன்று. அந்தப் பிள்ளையின் வாழ்நாளில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு.

வகுப்பறையில் அந்த இடைவெளி மெல்ல மெல்லக் குறைகிறது. ஆசிரியர் காத்திருக்கிறார், அடுத்த ஆண்டு பிள்ளை எட்டிப் பிடித்துக் கொள்கிறது. திடலில் அப்படி யாரும் காத்திருப்பதில்லை. தேர்வு ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இதை முதலில் கணக்கெடுத்துக் காட்டியவர்கள் கனடா நாட்டினர். அங்குப் பனி வளைகோற்பந்து உயிர்மூச்சு. 1980களில் ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் உளவியலாளர் தம் குடும்பத்துடன் லெத்பிரிட்ஜ் நகரில் ஓர் இளையோர் ஆட்டத்தைக் காணச் சென்றிருந்தார். நிகழ்ச்சி ஏட்டில் இருந்த வீரர்களின் பிறந்த தேதிகளைப் படித்துக் கொண்டிருந்த அவர் மனைவிதான் பெரும்பாலோர் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்திருப்பதைக் கவனித்துச் சொன்னார். அது ஆராயப்பட்டு 1985இல் கட்டுரையாக வெளிவந்தது. கனடாவின் உயர்நிலை இளையோர் அணிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள். 30 பேர் அடுத்த மூன்று மாதங்களில். 20 பேர் அதற்கடுத்த மூன்றில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் வெறும் 10 பேர். (கண்டுபிடித்தவர் மனைவி, புகழ் கணவருக்கு. அது வேறு கதை.)

ஜனவரியில் பிறப்போர் இயல்பாகவே வலிமையானவர்களோ என்று ஐயுறுவோருக்கு பெல்ஜியத்தில் விடை இருக்கிறது. அந்நாட்டில் இளையோர் காற்பந்தின் ஆண்டுக்கணக்கு முன்பு ஆகஸ்டு முதல் நாள் தொடங்கியது. அப்பொழுது தேர்வானவர்களில் ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதத்தினரே மிகுதி. 1997இல் கணக்கை ஜனவரி முதல் நாளுக்கு மாற்றினார்கள். உடனே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத்தினர் மிகுந்துவிட்டனர். மண்ணும் தண்ணீரும் உணவும் மாறவில்லை. நாட்காட்டியில் ஒரு கோடு மட்டும் நகர்ந்தது. நாம் திறமை என்று எண்ணிக் கைதட்டுவதில் ஒரு பகுதி அந்தக் கோடுதான்.

இவ்வளவும் எனக்குப் படிப்பாகத்தான் தெரிந்திருந்தது, ஒரு தந்தை வந்து பேசும்வரை.

அவருடைய மகன் எங்கள் பள்ளியில் ஆண்டு 5. பிறந்தது 2015 டிசம்பர் 13. மெலிந்த உடல், பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக் கொள்ளும் நேர்த்தி. எங்கள் பள்ளி அணியில் அவன் ஆண்டு 3இலிருந்தே ஆடுகிறான். அதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பள்ளி சிறிது. நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பலவும் 150 மாணவருக்குக் குறைவான, 'குறைந்த மாணவர் பள்ளி' என்று அமைச்சு வகைப்படுத்தும் பள்ளிகள்தாம். எழுவர் அணிப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டுமென்றால் ஓடத் தெரிந்த எல்லாரையும் எழுத வேண்டும். மாவட்டப் போட்டிகளில் நாங்கள் தோற்றுத்தான் திரும்புகிறோம். ஆனால், டிசம்பர் மாதப் பிள்ளை எங்கள் அணியில் முழு ஆட்டமும் ஆடுகிறது. பெரிய பள்ளிகளில் அறுபது பேர் வந்து நின்று பதினைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே அவன் முதல் நாளே வீட்டுக்குப் போயிருப்பான்.

கழகத்துக்குப் போனபொழுதுதான் அவன் முதன்முறையாக 'தேர்வாகாதவன்' ஆனான்.

தந்தை மூன்று கழகங்களைப் பார்த்து வைத்திருந்தார். பெயர்கள் வேண்டாம். முதலாவது, கிண்ணங்கள் நிறைய வென்ற கழகம். அங்கு 'ஏ' அணி, 'பி' அணி என்று இரண்டு உண்டு. 'பி' அணிக்கும் கட்டணம் ஒன்றுதான். ஆனால், போட்டி நாளில் அவர்கள் தண்ணீர்ப் புட்டி சுமக்கிறார்கள். இரண்டாவது, வீட்டுக்கு அருகில் ஓய்வுபெற்ற ஒருவர் நடத்துவது. சீருடைகூட ஒழுங்காக இல்லை. எல்லாரையும் ஆட விடுகிறார். மூன்றாவது கழகத்தில்தான் சிக்கல். அங்கிருந்த பயிற்றுநர் பையனின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, தந்தையைத் தனியே அழைத்துப் பேசியிருக்கிறார். "இவனை 10 வயதுக்குக் கீழ் பிரிவில் போடுவோம். தனியார் போட்டிகளில் மைகிட் அட்டையை யாரும் கேட்பதில்லை. உருவத்தைப் பார்த்தால் சந்தேகமும் வராது" என்றாராம்.

தந்தை என்னிடம் அதை ஒளிக்கவில்லை. "டீச்சர், பத்தொன்பது நாள்தான். பத்தொன்பது நாள் கழித்துப் பிறந்திருந்தால் அந்தச் சின்னப் பிள்ளைகளோடுதானே ஆடுவான்? இதில் என்ன ஏமாற்று?" என்று கேட்டார்.

கேள்வி வலுவானது. வயதுப் பிரிவுகள் ஈராண்டுக்கு ஒன்றாக இருக்கும் இடத்தில் இடைவெளி இரட்டிப்பாகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2026இல் 10 வயதுக்குக் கீழ் பிரிவில் 2016, 2017ஆம் ஆண்டுப் பிள்ளைகள். 12 வயதுக்குக் கீழ் பிரிவில் 2014, 2015ஆம் ஆண்டுப் பிள்ளைகள். ஆகவே, இந்தப் பையன் 2014 ஜனவரியில் பிறந்தவனோடு மோத வேண்டும். ஏறத்தாழ இருபத்து மூன்று மாத வேறுபாடு. அவன் வாழ்ந்த நாட்களில் ஐந்தில் ஒரு பங்கு. எதிரே வரும் சிலருக்கு மீசை அரும்பத் தொடங்கிவிட்டது. தோளோடு தோள் மோதினால் இவன் கோட்டுக்கு வெளியே கிடக்கிறான். விதிப்படி எல்லாம் சரி. ஆவணங்கள் சரி. ஆட்டம் சமமானதா என்றால், இல்லை.

நம் பெற்றோர்கள் வேலிக்கு வெளியே நின்று, "அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயதா? பதினான்கு இருக்கும்" என்று முணுமுணுப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணில் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதியாக இருக்கும் நம் நாட்டில், பள்ளிகள் நடத்தும் போட்டிகளில் வயதை மறைப்பது எளிதன்று. பெரும்பாலும் அந்தப் 'பதினான்கு வயதுப் பையன்' உண்மையாகவே பன்னிரண்டு வயதினன்தான். ஜனவரியில் பிறந்தவன், விரைவாக வளர்பவன். அவனைக் குற்றவாளியைப் போலப் பார்ப்பது அவனுக்கு இழைக்கும் அநீதி. அவனும் பிள்ளைதான். உருவம் பெரிதாக இருப்பதால் எல்லாரும் அவனிடம் பெரியவனுக்குரிய பொறுப்பை எதிர்பார்க்கிறார்கள் என்பது அவனுடைய தனித் துன்பம்.

தந்தைக்கு நான் "வேண்டாம்" என்றே சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் மகன் 10 வயதுக்குக் கீழ் பிரிவுக்கு இறங்கினால், அங்கே 2017 டிசம்பரில் பிறந்த ஒரு பிள்ளை இருக்கும். அதற்கும் இவனுக்கும் சரியாக ஈராண்டு. நம் பிள்ளைக்கு வலித்த அதே இடைவெளியை வாங்கி இன்னொருவர் பிள்ளையின் தோளில் வைப்பதாகவே முடியும். கோடு எங்கே கிழித்தாலும் அதை ஒட்டி ஒரு பிள்ளை நிற்கத்தான் செய்யும்.

அவர் மறுமொழி சொல்லவில்லை. அப்பொழுது நான் இன்னொன்றையும் சொன்னேன். எங்கள் பள்ளியில் ஆண்டு 1இலேயே பிள்ளைகளுக்கு மைகிட் எண்ணை மனப்பாடம் செய்யப் பழக்குகிறோம். வழி தவறிப் போனால் சொல்லத் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்தப் பையனுக்கு 151213 என்று தொடங்கும் தன் எண் நன்றாகத் தெரியும். திடலில் ஒருவர் "தம்பி, எந்த ஆண்டு பிறந்தாய்?" என்று கேட்டால், அப்பாவைக் காப்பாற்ற அவன் வேறு ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். பத்து வயதில் அதை அவனுக்கு யார் கற்றுக் கொடுப்பது? பயிற்றுநரா, அப்பாவா? இதைக் கேட்டதும் அவர் முகம் சற்று மாறியது. "அவன் பொய் சொல்ல மாட்டான், டீச்சர். மாட்டிக்கொள்வான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் பிறந்த என் தந்தை சொல்லக் கேட்டது. அக்காலத்தில் பிறப்புப் பத்திரம் கையில் இல்லாத பிள்ளையைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு அழைத்து வந்தால், வாத்தியார் அதன் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வாராம். விரல் காதைத் தொட்டால் பள்ளியில் இடம். தொடாவிட்டால் அடுத்த ஆண்டு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் இதே வழக்கம் இருந்ததைப் பலரும் சொல்வர். நாம் இதை அறியாமைக் காலத்து வேடிக்கையாகக் கருதுகிறோம். எண்ணிப் பார்த்தால், அந்த வாத்தியார் அளந்தது நாட்காட்டியை அன்று, உடலின் முதிர்ச்சியை. சிறு பிள்ளைக்குத் தலை பெரிது, கை குட்டை. கை நீளும்பொழுதுதான் காது எட்டும்.

இன்றைய விளையாட்டு உலகம் பெரும் செலவு செய்து அதே இடத்துக்குத்தான் திரும்பி வருகிறது. 2009இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டியில் ஃபிஃபா காந்த அதிர்வுப் படக்கருவியால் வீரர்களின் மணிக்கட்டு எலும்பைச் சோதித்தது. அது ஏமாற்றைத் தடுப்பதற்கானது. இங்கிலாந்தில் இன்னொரு முயற்சி நடந்தது. பாத் பல்கலைக்கழகத்தின் ஷான் கம்மிங் முதலிய ஆய்வாளர்களின் துணையோடு, சவுத்தாம்ப்டன், ஸ்டோக் சிட்டி, நார்விச் சிட்டி, ரெடிங் ஆகிய கழகங்களின் இளையோரைப் பிறந்த ஆண்டால் பிரிக்காமல், உடல் முதிர்ச்சியால் பிரித்து ஆட விட்டுப் பார்த்தார்கள். விரைவாக வளர்ந்த பிள்ளைகள், வழக்கம்போல் உடல் வலிமையால் தள்ளிக்கொண்டு போக முடியாமல் சிந்தித்து ஆட வேண்டியிருந்தது என்றார்கள். மெதுவாக வளரும் பிள்ளைகளுக்குத் தங்கள் நுட்பத்தைக் காட்ட இடம் கிடைத்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சிறுவர் ரக்பியில் எடையையும் கணக்கில் எடுக்கிறார்கள்.

இவற்றில் எல்லாவற்றையும் நான் வியந்து பாராட்டவில்லை. எடை நிறுத்துப் பிரிப்பதை நம் பள்ளியில் நினைத்தும் பார்க்க இயலாது. பருத்த பிள்ளையை எல்லாருக்கும் முன்னால் நிறுவையில் ஏற்றி, "நீ பெரியவர்களோடு போ" என்றால் அது அன்றோடு திடலை விட்டுப் போய்விடும். எலும்புச் சோதனை நமக்கு ஆகாது. ஆனால், ஒரு சட்டை எண் நமக்கு ஆகும்.

அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2017இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். சிறுவர் ஆட்டத்தைப் பார்த்துத் திறமையாளரைத் தேர்ந்தெடுக்கும் பார்வையாளர்களில் ஒரு குழுவினரிடம் பிள்ளைகளின் வயதைச் சொல்லாமல் தரவரிசை கேட்டார்கள். மூத்த பிள்ளைகளே மேலே வந்தனர். இன்னொரு குழுவினருக்குப் பிறந்த தேதிகளைக் கொடுத்தார்கள். அப்பொழுதும் மாற்றமில்லை. சட்டை எண்ணையே வயது வரிசைப்படி கொடுத்து, அதை மூன்றாவது குழுவினரிடம் சொல்லி வைத்தார்கள். அப்பொழுதுதான் சாய்வு மறைந்தது. தாளில் உள்ள தேதி கண்ணில் படுவதில்லை. ஓடுகிற முதுகில் உள்ள எண் படுகிறது.

இதைப் படித்த பிறகு எங்கள் பள்ளிப் பயிற்சியில் அதைப் பின்பற்றத் தொடங்கினேன். மூத்த பிள்ளைக்கு எண் 1. இளைய பிள்ளைக்குக் கடைசி எண். செலவு ஒன்றுமில்லை, பழைய சட்டைகளை மாற்றிக் கொடுத்தால் போதும். பிற பள்ளி ஆசிரியர்கள், "உங்கள் கோல்காவலர் ஏன் 7ஆம் எண் அணிந்திருக்கிறான்?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெரிய எண் அணிந்த பிள்ளை பந்தை இழக்கும்பொழுது என் வாயிலிருந்து வரும் சொல் இப்பொழுது வேறாக இருக்கிறது.

ஆகவே, கழகத்தைப் பார்க்கச் செல்லும் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்வேன். கிண்ண அலமாரியைப் பார்க்க வேண்டாம். ஓர் ஆட்டத்தை முழுமையாக நின்று பாருங்கள். அங்குள்ள மிகச் சிறிய பிள்ளை எத்தனை நிமிடம் திடலில் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். அது இறங்கும்பொழுது ஆட்டம் ஏற்கெனவே 5-0 ஆகிவிட்டதா, இன்னும் முடிவு தெரியாத நிலையிலா என்பதையும் கவனியுங்கள். 'பி' அணியில் இருக்கும் பிள்ளை ஆண்டின் நடுவில் மேலே போக வழியுண்டா என்று கேளுங்கள். பயிற்றுநரிடம், "உங்கள் அணியில் டிசம்பரில் பிறந்தவர்கள் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பெயர் சொல்பவர் நல்ல பயிற்றுநர். பதிவேட்டைத் தேடுபவரும் பரவாயில்லை. "அதெல்லாம் எதற்கு?" என்பவரிடம் பணத்தைக் கட்ட வேண்டாம்.

பன்னிரண்டு வயதில் ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். நம் நாட்டில் பல கதவுகள் அந்த வயதில்தான் திறக்கின்றன, மூடுகின்றன. நம் மாநிலத்திலேயே, பண்டார் பெனாவாரில் உள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளிக்குப் படிவம் 1இல் பிள்ளைகளை எடுக்கிறார்கள். 2014இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டமும், அதன் உச்சியாகிய கம்பாங் மொக்தார் டஹாரி அகாடமியும் இளம் வயதினரையே தேடுகின்றன. ஆண் பிள்ளைகளின் பெரும் வளர்ச்சி பொதுவாகப் பதினான்கு வயதை ஒட்டியே வருகிறது. அதற்கு முன்பே தேர்வு முடிந்துவிடுவதுதான் சிக்கல்.

பின்தங்கிய மாதத்தவர் பிற்காலத்தில் வெல்வதும் உண்டு. வட அமெரிக்கத் தொழில்முறை பனி வளைகோற்பந்துத் தேர்வை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, ஆண்டின் பிற்பகுதியில் பிறந்து தேர்வானவர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினார்கள் என்று காட்டியது. நமக்குத் தெரிந்த பூப்பந்துக்கே வருவோம். எம். தினா, எஸ். கிசோனா இருவரும் 1998இல் பிறந்தவர்கள். ஒரே வயதுப் பிரிவு. தினா ஜனவரி, கிசோனா அக்டோபர். 2019 சீ விளையாட்டுப் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கம் கிசோனாவுக்கு. 2025 உலக வாகையர் போட்டியில் பெர்லி டானுடன் இரட்டையர் வெள்ளி தினாவுக்கு. அக்டோபர் மாதப் பெண்ணும் வந்து சேர்ந்தார் என்று நாம் மகிழலாம். ஆனால், வந்து சேர்ந்தவர்களை மட்டுமே நாம் எண்ணுகிறோம். பதினொரு வயதில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்களின் பட்டியல் எந்தச் சங்கத்திடமும் இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. அவர்களிடத்தில் இது தலைகீழாகவும் நடக்கிறது. விரைவாக வளரும் பெண் பிள்ளை ஆண்டு 5, ஆண்டு 6இல் ஆண் பிள்ளைகளையே முந்தி ஓடும். வலைப்பந்து அணியின் தூண் அதுதான். பூப்பெய்தியதும் வீட்டில், "போதும், இனிப் பயிற்சி வேண்டாம்" என்று நிறுத்திவிடுகிறார்கள். சடங்கு முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை மதியம் திடலோரம் நின்று பார்த்துவிட்டு வேனில் ஏறிப் போகிறது. முந்தி வளர்ந்ததற்காகவே அதன் ஆட்டம் முதலில் முடிந்துவிடுகிறது. இதற்கு எந்த நெதர்லாந்து ஆய்வும் தேவையில்லை. தாய்மார்கள் மனம் வைத்தால் போதும்.

சரி, அந்தத் தந்தை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வீட்டுக்கு அருகிலுள்ள இரண்டாவது கழகத்தில், 12 வயதுக்குக் கீழ் பிரிவில், உண்மையான தேதியோடு சேர்த்தார். அங்குள்ள முதியவர், "பாதி ஆட்டம் கட்டாயம் ஆடுவான், ஆனால், தோற்போம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். சொன்னபடியே இரண்டு ஆட்டம் தோற்றிருக்கிறார்கள். தந்தைக்கு அதில் முழு மனநிறைவு இல்லை. கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தின் ஆட்டத்தைத் திடலில் நேரில் பார்த்ததாகச் சொல்லும் தாத்தா வீட்டில் இருக்கிறார். அவருக்கு இந்தக் கழகத்தின் சீருடையே பிடிக்கவில்லை. பையன் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. மோதலைத் தவிர்த்துப் பந்தை விரைவாகத் தட்டிவிட்டு நகரக் கற்றுக்கொண்டிருப்பதைப் பள்ளிப் பயிற்சியில் பார்க்கிறேன்.

2027இல் 12 வயதுக்குக் கீழ் பிரிவு 2015, 2016ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உரியதாகிவிடும். அப்பொழுது இவன் அணியில் மூத்தவர்கள் பக்கம் இருப்பான். 2016 டிசம்பரில் பிறந்த பிள்ளைகள் இருவர் எங்கள் ஆண்டு 4இல் இருக்கிறார்கள். ஒருத்தி பெண். சட்டை எண் மாற்றத்தைப் பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டியிருக்கிறது. புதிய சட்டைகள் தைக்கக் கொடுப்பதாகச் சங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால், வரிசைப்படி 10ஆம் எண் யாருக்கு வருகிறதோ அவருக்கே தர வேண்டும் என்று நான் சொன்னதை இன்னும் யாரும் ஏற்கவில்லை. எல்லா வீட்டிலும் 10ஆம் எண்தான் வேண்டுமாம்.